பரீட்சைக்கு வராத பெயர்

அன்புள்ள மாணவிக்கு,

உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உன்னோடு படித்தவர்களும் இதைப் படிப்பார்கள். உனக்குப் புரிந்தால் போதும்.

அன்று வகுப்பில் நீ பெயர் கேட்டாயே, அந்த டாக்டர் பெயர் கார்லோஸ் ஃபின்லே. கியூபாக்காரர். இன்று ஆகஸ்ட் 14. 1881-இல் இதே நாளில்தான் ஹவானா அறிவியல் கழகத்தில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று வாசித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1900-இல் அதே காய்ச்சலை ஆராய வந்த டாக்டர் வால்டர் ரீடின் அமெரிக்க ராணுவக் குழு ஃபின்லே வீட்டுக்கு வந்தபோது, கேட்டவுடன் கொசு முட்டைகளை எடுத்துக் கொடுத்தார். கறுப்பாக, பொடிப்பொடியாக இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும்.

இந்த இடத்தில்தானே நீ எழுந்தாய்? "முட்டை கொ... கொடுத்த டாக்டர் பேர் எ... என்ன சார்?" பின்பெஞ்சு சிரித்தது. "அது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ உடனே உட்காரவில்லை. தாவணி நுனியை விரலில் சுற்றியபடி நின்றாய்.

அவர்கள் சிரிப்பை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்ம்மா. எனக்குப் பெயர் தெரியாது. பாடப்புத்தகத்தில் ரீட் பெயர்தான் இருந்தது. அதற்குமேல் தேட எனக்கு நேரமும் இருந்ததில்லை. சரி, இதுவும் சாக்குதான்.

ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்: ஃபின்லேக்கும் திக்கும். சின்ன வயதில் வந்த நரம்பு நோய் விட்டுப்போனது அது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரீடைக் குறைத்துச் சொல்லவில்லை. நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கச் சுமார் 12 நாள் ஆகும். ஃபின்லே சில நாளிலேயே கடிக்கவிட்டார், அதனால் அவர் சோதனைகள் எடுபடவில்லை. ரீட் குழுதான் நிரூபித்தது. அதில் லசீர் என்ற 34 வயது டாக்டர் உயிரையே விட்டார். ஆனாலும் கேட்காத சபையிடம் ஃபின்லே இருபது வருஷம் விடாமல் பேசினார். நீ அன்றோடு கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாய். போன வருஷம் கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் பந்தியிலிருந்து எழுந்து போனாயே, ஒரு வணக்கம் சொல்லக்கூடவா மனசில்லை?

கோபத்தில் எழுதிவிட்டேன். பதிமூன்று வயசுப் பிள்ளையை வாயடைத்தவன் நான்தான். மன்னித்துவிடு.

அன்றைக்கு உட்காராமல் நின்றாயே, இன்னொரு கேள்வி வைத்திருந்தாயா? இருந்தால் கேளும்மா. மெதுவாகவே கேள்.