மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு

பாம்பன்,
ஞாயிற்றுக்கிழமை விடிகாலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்று ராத்திரி போனில், "ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்கிறார்மா, எனக்குக் கோபம் கோபமா வருது" என்று சொல்லிவிட்டு அழுதாய். நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி ஆஸ்பத்திரிச் சத்தத்தில் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குப் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் படி.

அந்தக் கோபம் எனக்கும் வந்தது தங்கம். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

2023-இல் அப்பாவின் வாய்ப் புற்றுநோய்க்கு மதுரை பாலரெங்காபுரம் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்களே, அந்தக் கதிர்வீச்சு, மொத்தம் 35 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம். நடுவில் வாரம் ஒரு நாள் மருந்தும் ஏற்றினார்கள். நாலாவது வாரம் அவர் வாய் முழுக்க வெந்துபோய்விட்டது. நாக்கு ஓரமெல்லாம் வெள்ளையாகப் படர்ந்து, உதட்டைப் பிரித்தாலே ரத்தம் கசியும். எடை மட்டும் குறையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரா வாரம் அவரை மெஷினில் ஏற்றி நிறுத்தும்போது எனக்கு வயிறு கலங்கும். 58 கிலோ இருந்த மனுஷன் 51-க்கு வந்துவிட்டார். அன்றைக்குக் கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றி வடிகட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் விடவில்லை, டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். கையால் தள்ளினார். டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டது. "கடலுக்குப் போற ஆம்பளைக்கு ஒரு டம்ளர் கஞ்சி குடிக்கத் தெம்பில்லையா" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவரால் பேச முடியாது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குனிந்து தரையைத் துடைத்தபோதுதான் டம்ளர் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு பார்த்தேன். ஒரு வாய் குடிக்க முயற்சி பண்ணியிருக்கிறார்.

நான் பயந்துபோயிருந்தேன். பயந்தவள் கத்தினேன், அவ்வளவுதான். நீயும் பயந்திருக்கிறாய். மாப்பிள்ளை சாப்பிடாத ஒவ்வொரு வாயும் உனக்கு வேறு எதையோ சொல்கிறது. அதை அவரிடம் சோற்றுச் சண்டையாகப் போடாதே. "எனக்குப் பயமா இருக்கு" என்று நேராகச் சொல்லிவிடு. அவருக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர், திருப்புவனத்துக்காரர், அப்புறம் எனக்கு வழி சொன்னார். சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மரக்கும் மருந்தை வாயில் வைக்கணும். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கணும். அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு ஸ்பூன், சூடு துளியும் இல்லாமல். அதிலும் முடியாமல் போனபோது மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று அன்றைக்கு நான் நினைத்தேன். ஆனால் அதற்கப்புறம்தான் எடை நின்றது. மறுநாள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

மாப்பிள்ளைக்கு வந்திருப்பது நிணநீர்க் கட்டியில், அப்பாவுக்கு வந்தது வாயில். இரண்டும் ஒன்றில்லை. அவருக்கு வாடைதான் ஆகவில்லை என்கிறாய். அப்படியென்றால் சமைக்கிற வாடையே அவர் பக்கம் வராமல் பார்த்துக்கொள். ஆறின சாப்பாட்டில் வாடை குறைவு. தயிர் சாதம், இட்லி, எது இறங்குகிறதோ அது. எவர்சில்வர் ஸ்பூன் இரும்பு மாதிரி இருக்கிறது என்றால் பிளாஸ்டிக் ஸ்பூன் வை. பாம்பன்காரி நீ, உனக்குக் கஷ்டம்தான், ஆனாலும் கொஞ்ச நாள் வீட்டில் மீன் வறுக்காதே.

சிவப்பு மருந்து ஏற்றின அன்றைக்குச் சிறுநீர் சிவந்ததைப் பார்த்துப் பதறினாயே, அது மருந்தின் நிறம்தான். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். நீ உஷாராக இருக்க வேண்டியது காய்ச்சலுக்கு. 21 நாளுக்கு ஒரு தடவை மருந்து என்றாய். ஏற்றின இரண்டாவது வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துபோகும். அப்போது தெர்மாமீட்டர் 100.4-ஐத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு மாத்திரையைக் கொடுத்து விடியட்டும் என்று உட்காராதே. வெட்டி வைத்து விற்கிற பழமும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் இருமினால் வாசலோடு அனுப்பிவிடு. கோபித்தால் கோபிக்கட்டும். காத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வாய்ப்புண்ணுக்கு இங்கே ஒருவர் மூன்று மாதம் ஜெல் தடவச் சொன்னார், நாங்களும் தடவினோம். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணைச் சதையெடுத்துப் பார்க்க வேண்டும் என்று மதுரையில்தான் கேள்விப்பட்டோம். அந்த மூன்று மாதம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, இன்னொன்று. இதுதான் எனக்கு முக்கியம்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தென்கடலுக்குப் பாசி எடுக்க உன்னையும் தோணியில் கூட்டிப்போயிருக்கிறேன். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி முங்குவோம். பாறையில் மரிக்கொழுந்து பாசி அடர்த்தியாக இருந்தால் இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று ஆசை இழுக்கும். மூச்சு முட்டுகிறது என்றால் கையில் இருப்பதோடு மேலே வந்துவிட வேண்டும். நாலு வாய் மூச்சு வாங்கினால்தான் மறுபடி முங்க முடியும். மதுரையில் நான் மேலே வரவே இல்லை. டீயும் பன்னும் தின்றுகொண்டு, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, அவர் மூச்சை எண்ணிக்கொண்டே ஐந்து வாரம் கிடந்தேன். ஒருநாள் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். அதற்கப்புறம் உன் அத்தை வாரம் இரண்டு ராத்திரி வந்து தங்கினார். அந்த இரண்டு ராத்திரிதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

உன் மாமியாரை நீ ராத்திரி தங்கவிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். வயதானவர், தாங்க மாட்டார் என்று நினைக்கிறாய். மாப்பிள்ளை அவருக்குப் பிள்ளை இல்லையா? வெறுமனே வீட்டில் உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. ஒரு ராத்திரி அவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கு.

அதே மாதிரி மாப்பிள்ளை கையிலிருந்தும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதே. அப்பாவை நான் அப்படித்தான் ஆக்கினேன். சட்டைப் பொத்தானைக்கூட நானே போட்டுவிட்டேன். கரண்ட் வைக்கும்போது முகத்துக்கு ஒரு மூடி போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். அதில் அசையாமல் கிடந்துவிட்டு வெளியே வருகிற மனுஷனை வெளியேயும் நான் அசையவிடவில்லை. அத்தை ஒரு தடவை வரும்போது கிழிந்த நண்டு வலையில் ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து, நூலும் ஊசியுமாகக் கொண்டுவந்தார். அப்பா வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினார். முதல் நாள் நாலு கண்ணி, அதற்குள் கை நடுங்கிவிட்டது. மறுநாள் பத்து. அப்புறம் எனக்கு ஞாபகப்படுத்த வேலையே இல்லை, கரண்ட் முடிந்ததும் நேராக பெஞ்சுக்குப் போய்விடுவார். மாப்பிள்ளைக்குக் கணக்கு வழக்குதானே வேலை? ஆஸ்பத்திரி பில், மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேலை, எல்லாவற்றையும் தெம்பு இருக்கிற நாளில் அவரையே பார்க்கச் சொல். ரயில் சலுகைப் படிவமும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிற ஒருவருக்கும் சேர்த்தே கட்டணம் குறையும். எங்களுக்கு மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போய்வர அது பெரிய உதவியாக இருந்தது.

"சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை" என்று போன வாரம் சொன்னாய். நீ போகிற அடையாறு ஆஸ்பத்திரியை 1954-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையை இதே நோய்க்குப் பறிகொடுத்தவராம். மதுரையில் ஒரு சமூக சேவகி சொன்னார். அவ்வளவு படித்த அக்காவும் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து உன்னை மாதிரிதான் கை பிசைந்திருப்பார். அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், அந்த ஏழு வாரத்தில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று. வலி ஞாபகம் இல்லையாம். கரண்ட் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எதிர் பெஞ்சில் என் சேலை தெரிந்தது ஞாபகம் இருக்கிறதாம்.

அப்பாவுக்கு இப்போது பரவாயில்லை. எச்சில் சரியாக ஊறுவதில்லை, எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கூடவே போகிறது. மிளகாய் போடாத மீன் குழம்பு என்று ஒன்றை நான் வைக்கப் பழகிக்கொண்டேன். மாப்பிள்ளைக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அதை டாக்டரிடம் கேள், ஒளிக்காமல் சொல்லச் சொல்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு நானும் அப்பாவும் கிளம்புகிறோம். இருமல், சளி எதுவும் இல்லை. அப்பா பகலில் மாப்பிள்ளையோடு இருக்கிறேன் என்கிறார். அவர் அதிகம் பேச மாட்டார், உனக்கே தெரியும். சாப்பிடு என்றும் சொல்ல மாட்டார். அந்த நேரம் நீ வீட்டில் தூங்கு. மாப்பிள்ளைக்கு என்ன கொண்டுவரலாம் என்று அவரிடமே கேட்டு, வியாழக்கிழமைக்குள் சொல்.

அம்மா