சி.டி.சி. வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளம் பேசக் கூச்சப்படுவது ஒருபுறம். எந்தத் தொகையைப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுவதுதான் பெரிய சிக்கல்.

சி.டி.சி. என்பது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. என்றதும் மாதம் 40,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் பே, அதாவது வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் தொகை, அந்த 40,000-இல் 10 சதவீதம் என்றால் 4,000 போயிற்று. அது பிறகு வரலாம், வராமலும் போகலாம். நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 2,400. கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 962. ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400. மிஞ்சுவது 30,238. தொழில் வரியும் காப்பீட்டுப் பிரீமியமும் பிடித்தால் இன்னும் குறையும்.

எனவே ஆஃபர் லெட்டர் வந்ததும், கையெழுத்துக்கு முன்பே, பிரிவு வாரியான கணக்கை மின்னஞ்சலில் கேளுங்கள். "கொஞ்சம் கூட்டிக் கொடுங்க" என்றால் காரியம் நடக்காது. "ஃபிக்ஸட் தொகையை (வேரியபிள் பே சேராத, உறுதியான பகுதியை) 4,80,000 ஆக்க முடியுமா?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்டால் எச்.ஆர். மேலே அனுப்ப வசதி. முடியாது என்றால், ஆறு மாதத்தில் சம்பள மறுஆய்வை எழுத்தில் கேட்கலாம். ஜாயினிங் போனஸ் தந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்டும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

வளாகத் தேர்வில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே தொகைதான். அங்கே பாண்டு (இத்தனை காலம் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை ஆண்டு, எந்த ஊர் என்று விசாரிப்பதே பயன்.

மனிதவளத் துறை ஊழியர்,
கோவை