உயர்தரப் பெறுபேறும் பல்கலைக்கழக விண்ணப்பமும்: பெற்றோர் கவனத்துக்குச் சில

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் மூன்று ஏ எடுத்தார்கள் என்பதே நாளிதழ்களில் நிரம்பியிருக்கிறது. பாடசாலை வாசல் பதாகைகளிலும் அதுதான். பிள்ளைகளின் உழைப்பைப் பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அரச பல்கலைக்கழக அனுமதியை ஏ, பி, சி தீர்மானிப்பதில்லை. பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானத்தில் அச்சாகும் இசட் புள்ளிதான் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை எப்படி வாசிப்பது, விண்ணப்பத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காததால் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளைகளும் கிடைத்திருக்கக்கூடிய இடங்களை இழக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கணக்கு கடினமானதல்ல. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அந்த ஆண்டில் அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுத்தால் பெறுபேற்றில் உள்ள எண் வரும். உதாரணத்துக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். உயிரியலின் சராசரி 55, நியம விலகல் 15. இரசாயனவியலின் சராசரி 42, நியம விலகல் 18. பௌதிகவியலின் சராசரி 40, நியம விலகல் 20. உயிரியலில் 76 எடுத்தவருக்கு ஏ. அவருடைய இசட் புள்ளி 1.4. இரசாயனவியலில் 74 எடுத்தவருக்குப் பி. ஆனால் இசட் புள்ளி 1.7778. கடினமான பாடத்தில் கிடைத்த பி, இலகுவான பாடத்தில் கிடைத்த ஏயை முந்துகிறது.

மூன்று ஏ எடுத்த இருவரைப் பாருங்கள். ஒருவர் உயிரியலில் 76, மற்ற இரண்டிலும் 75. அவருடைய இசட் புள்ளி 1.6611. இன்னொருவர் மூன்றிலும் 95. அவருடையது 2.7870. பத்திரிகையில் இருவரும் ‘3ஏ’ என்றே வருவார்கள். இருவருக்கும் இடையில் ஏராளமான மாணவர்கள் நிற்கிறார்கள். முதலாமவரின் வீட்டில் மருத்துவபீடம் உறுதி என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, வெட்டுப்புள்ளி (ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் இசட் புள்ளி) வெளியாகும் நாளில் பிள்ளையைக் குற்றம் சொல்கிறார்கள். பிள்ளை செய்த குற்றம் எதுவுமில்லை.

இசட் புள்ளி மறைக் குறியோடு வந்தால் பிள்ளை தவறிவிட்டது என்று பதறுவோரும் உண்டு. சராசரி 55 உள்ள பாடத்தில் 52 எடுத்தவர் சித்தியடைந்தவர்தான்; இசட் புள்ளி -0.2 என்று வரும். சராசரிக்குக் கீழே நிற்கிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

இந்தப் புள்ளி, ஒரே பாடத்தை ஒரே வினாத்தாளில் எழுதியவர்களை ஒப்பிடுவதற்கானது. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் வெவ்வேறு வினாத்தாள்கள் எழுதியிருக்க, இரு தொகுதியையும் சேர்த்துக் கணித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 இல் நீதிமன்றம் தனித்தனியே கணிக்கும்படி பணித்தது. இன்றும் சில வீடுகளில் அண்ணன் இரு வருடங்களுக்கு முன் எடுத்த புள்ளியையும் தம்பியின் புள்ளியையும் அருகருகே வைத்து முடிவெடுக்கிறார்கள். முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளியை ஒரு வழிகாட்டியாகப் பார்க்கலாம். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படுகிறது. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களும் இந்தப் 16க்குள் வருகின்றன. இதனால் ஒரே புள்ளி எடுத்த இருவரில் முல்லைத்தீவு மாணவர் தெரிவாகி, கொழும்பு மாணவர் தெரிவாகாமல் போகலாம். எந்த மாவட்டத்தில் பரீட்சை எழுதினார் என்பது மட்டும் போதாது. பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எங்கு படித்தார் என்பது பார்க்கப்படும். சாதாரண தரத்துக்குப் பின் பாடசாலை மாறியவர்கள் இரு பாடசாலை அதிபர்களிடமும் உறுதிப்படுத்தல்களை முன்கூட்டியே பெற்று வைத்திருக்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் அதிபரைத் தேடி ஓடுவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.

மாவட்ட நிலையையும் சரியாக வாசிக்க வேண்டும். அது அவரவர் பிரிவுக்குள் உள்ள நிலை. உயிரியல் பிரிவில் 30 ஆம் இடம் என்றால் உயிரியல் பிரிவினருக்குள் 30. கணிதப் பிரிவினரோடு அதை ஒப்பிட முடியாது.

உண்மையான இழப்பு விண்ணப்பத்தில்தான் நேர்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அது நடைபெறும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. யாழ்ப்பாண மருத்துவபீடத்துக்கு ஒன்று, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, ரஜரட்டைக்கு ஒன்று, ருகுணுவுக்கு ஒன்று. மருத்துவம் வேண்டும் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணக் குறியீட்டை மட்டும் எழுதுபவர், மற்றப் பீடங்கள் எல்லாவற்றையும் தாமாகவே விலக்கிவிடுகிறார். பட்டியலில் எழுதாத கற்கைநெறிக்கு எவ்வளவு உயர்ந்த புள்ளி இருந்தாலும் அழைப்பு வராது.

வரிசை பற்றி இன்னொரு தவறான ஆலோசனை ஊரெங்கும் பரவியிருக்கிறது: “கிடைக்கக்கூடியதை முதலில் போடு, கிடைக்காததைப் போட்டு இடத்தை வீணாக்காதே.” தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி எட்டுகிற முதல் தெரிவிலேயே மாணவர் நிறுத்தப்படுகிறார். எட்டாத தெரிவை மேலே வைத்ததால் கீழே உள்ளவற்றுக்கான வாய்ப்பு ஒரு துளியும் குறைவதில்லை. எட்டக்கூடியதை மேலே வைத்தால், அதைவிட விரும்பியது கீழே இருந்து, அதற்கும் புள்ளி போதுமாக இருந்தாலும் கிடைக்காது. வெற்றிடம் ஏற்படும்போது பட்டியலில் மேலே உள்ள தெரிவுக்கு உயர வாய்ப்புண்டு. கீழே இறங்க வழியில்லை. ஆகவே புள்ளியை மறந்து, விருப்பத்தின் வரிசையில் எழுதுங்கள். அதன் கீழே முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, எட்டக்கூடியவற்றையும் நிச்சயமாக எட்டுபவற்றையும் தாராளமாகச் சேருங்கள். உயிரியல் பிரிவில் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்று மூன்றோடு நிறுத்திவிட்டு, தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம், விவசாயம், பிரயோக விஞ்ஞானம் எதையும் எழுதாதவர்கள், இடம் கிடைத்திருக்கக்கூடிய புள்ளியோடு வீட்டில் இருக்கிறார்கள்.

வெட்டுப்புள்ளி அட்டவணையில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக ‘என்.கியூ.சி.’ என்றிருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து தகுதியுள்ள விண்ணப்பதாரி எவரும் இல்லை என்பது அதன் பொருள். மாவட்டத்துக்கு அந்தக் கற்கைநெறி மூடப்பட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தவிர்க்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்.

சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளியோடு, அந்தத் துறைக்கான ஆற்றலைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனம் ஆகியவை இவ்வகை. இதற்கான விண்ணப்பத்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே அனுப்ப வேண்டும். முடிவுத் திகதியும் வேறு. ஆணைக்குழுவின் படிவத்தில் குறியீட்டை எழுதிவிட்டு உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க மறந்தால் அந்தத் தெரிவு செல்லாது. இன்னும் சிலவற்றுக்குச் சாதாரண தரக் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ குறிப்பிட்ட சித்தி வேண்டும். கைநூலில் அந்தந்தக் கற்கைநெறியின் பக்கத்தை முழுதாக வாசித்த பின்னரே குறியீட்டை எழுத வேண்டும்.

விண்ணப்பிக்கும் அடிப்படைத் தகுதி, ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரண பரீட்சையில் (உயர்தரத்தில் எல்லாப் பிரிவினரும் எழுதும் பொதுத் தாள்) குறைந்தது 30 புள்ளியும். பொதுச் சாதாரண பரீட்சை இசட் புள்ளியில் சேராது என்பதால் அதை அலட்சியம் செய்து, 30க்குக் கீழே எடுத்துத் தடுமாறுபவர்கள் இருக்கிறார்கள். மீண்டும் தோற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரசாயனவியல் குறைந்துவிட்டது என்று அதை மட்டும் எழுதினால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயனில்லை. மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காகத் தோற்றக்கூடிய தடவைகளும் மூன்றுதான். பெறுபேறு மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தவர்கள் அதன் முடிவுக்காகப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தாமதிக்கக் கூடாது. கையில் உள்ள பெறுபேற்றோடு உரிய நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவுத் திகதி கடந்த பின் தெரிவுகளை மாற்றவும் முடியாது.

வெட்டுப்புள்ளியை எட்டாதவர்களின் எண்ணிக்கையே எப்போதும் பெரிது. அவர்களுக்கான வழிகளைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. அவை பல்கலைக்கழகத் தெரிவு முடியும்வரை காத்திருப்பதும் இல்லை. தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானி அறிவித்தல் தனியே வரும். கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, மலையகத்தின் ஸ்ரீபாத ஆகியவற்றில் தமிழ்மொழி மூலம் கற்கலாம். அங்கும் இசட் புள்ளி பார்க்கப்படும். உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களின் உயர் தேசிய டிப்ளோமா, கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு நல்ல பாதை. கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு தொழிலும் கைவரும். அந்தத் தகைமையின் 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும் 7 ஆம் மட்டம் பட்டத்துக்கும் நிகரானவை. கொக்குவிலில் பிராந்திய நிலையம் கொண்ட திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம். சட்டம் படிக்க விரும்பும் கலைப்பிரிவு மாணவர், திறந்த பல்கலைக்கழகத் தெரிவுப் பரீட்சையையும் கொழும்புச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையையும் கவனிக்கலாம். தனியார் நிறுவனத்தில் பணம் கட்டும் முன், பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதை ஆணைக்குழுவிடமே கேட்டறிய வேண்டும். விளம்பரத்தில் அச்சிட்ட ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற சொல்லை நம்பிக் காணியை ஈடு வைத்த குடும்பங்கள் இருக்கின்றன.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வெளியாகும் வாரத்தில் சாதனையாளர் படங்களோடு ஒரு முழுப் பக்கத்தையாவது இதற்கென ஒதுக்குங்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களுக்கும் முன்னைய ஆண்டு வெட்டுப்புள்ளிகளை, கற்கைநெறிக் குறியீட்டோடு, பிரிவு வாரியாக அச்சிடுங்கள். என்.கியூ.சி. வந்த கட்டங்களைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். அதே பக்கத்தின் அடியில் உளச்சார்புப் பரீட்சைகள், கல்வியியற் கல்லூரிகள், உயர் தேசிய டிப்ளோமா ஆகியவற்றின் முடிவுத் திகதிகளை அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் திருத்தி வெளியிடுங்கள். இணைய வசதி இல்லாத வன்னிக் கிராமங்களில் அந்தப் பக்கத்தை வாசிகசாலைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள்.

இங்ஙனம்,
உயர்தர மாணவர் வழிகாட்டல் ஆசிரியர்கள் சிலர்,
வடமராட்சி.