தாத்தாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. வந்தவர்களை முகம் பார்த்து நன்றி சொல்ல அப்பாவுக்கும் நா எழவில்லை, எனக்கும் எழவில்லை. அதனால் இந்த மடலை எழுதுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இருப்பவர்கள், மீனவக் குப்பத்து அண்ணன்மார்கள், ஸ்டான்லி மருத்துவமனையில் எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத பலர் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்த இரவில் 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. தெருமுனையில் கேரம் ஆடிக்கொண்டிருந்த தம்பிகள் பைக்கில் முன்னே பறந்துபோய், ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டி, தூங்கிய ஓட்டுநர்களை எழுப்பி வழி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஓட்டுநர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தாத்தா 36 வருடம் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஸ்டான்லியில் எட்டு நாள் இருந்தார். அந்த எட்டு நாளும் அவரை 'அப்பா' என்றே கூப்பிட்டு, கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்ட செவிலியர் அக்காவை எங்கள் குடும்பம் மறக்காது.

வீடு திரும்பிய ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். 83 வயது. அவருடைய கண்தான அட்டை பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். அந்த நேரத்தில் எங்களுக்கு எதுவும் ஓடவில்லை. மூன்றாவது வீட்டு அக்காதான் ஓடி வந்து இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்தினார். காற்று பட்டால் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் இருக்கும் விழிவெண்படலம் காய்ந்துவிடும். சித்திரைப் புழுக்கத்தில், அந்தச் சின்ன அறையில் இருபது பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். விசிறியைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

முகம் கோரமாகிவிடுமோ என்று எங்கள் ஆயா பயந்தார். கண் வங்கியிலிருந்து வந்த தம்பி தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "படலத்தை மட்டும்தான் எடுப்போம் ஆயா, தாத்தா தூங்குகிற மாதிரியே இருப்பார்" என்று பொறுமையாகச் சொன்னார். அப்படித்தான் இருந்தார். இருவருக்குப் பார்வை கிடைக்கலாம் என்றார் அந்தத் தம்பி. ஆயா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

தாத்தாவை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பேரப்பிள்ளைகளோடு தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எண்ணூர் முகத்துவாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்தபடி கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைக் காட்டுவார். பனிக்காலத்தில் ரயிலேறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. பூநாரை தலையைக் குப்புறக் கவிழ்த்துச் சேற்றை அலசித் தின்பதை முதலில் காட்டியவர் அவர்தான். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன், சத்தம் போடாமல் கால் மணி நேரம் பறவையைப் பார்க்க வேண்டும். அது அவர் சட்டம்.

எங்கள் கரையில் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று சொல்வார். 1870களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் எழும்பியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் தடுக்கி நின்றது. அதில்தான் மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி நம் கரையைக் கடல் அரித்தது. "அந்தச் சுவருக்குள் நின்று சம்பளம் வாங்கியவன் நான், இந்தக் கரைக்குக் கடன்பட்டிருக்கிறேன்" என்பார். 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது, ஓய்வு பெற்றிருந்த அவர் எங்களை மாடியில் ஏற்றிவிட்டுக் குப்பத்துக்கு ஓடினார். மூன்று நாள் கழித்துத்தான் வீட்டில் படுத்தார். அதற்கு எங்கள் மேல் பாசம் குறைவு என்று அர்த்தமில்லை. ஓடும் முன் ஆயாவின் மாத்திரையையும் என் தம்பியின் பால் புட்டியையும் மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் குப்பத்து அண்ணன்மார்கள்தான் அஸ்தி கரைக்க எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போனார்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகில் அலை மடியும் இடத்தைத் தாண்டியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, படகோட்டிய அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து டீசல் காசை நீட்டினோம். "எங்கள் அம்மாவுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்த கை தாத்தாவுடையது" என்று அப்பாவின் கையை மூடிவிட்டார்.

மனு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் எழுதி முடித்த மனுக்கள் நான்கு இருக்கின்றன. இரண்டு முதியோர் உதவித்தொகைக்கு, ஒன்று பட்டாவுக்கு, ஒன்று குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க. உறைமேல் அவர் கையெழுத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. தேதியை மட்டும் நிரப்பவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அலுவலகத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
பேத்தி