செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். நிர்வாகசபை ஏழு முறை கூடியது, கூட்டம் நடத்த வேண்டிய ஆள்தொகை (கோரம்) சேர்ந்தது நான்கு முறை. மாசியில் சுண்டிக்குளத்தில் பறவை பார்த்தோம். ஐப்பசியில் மரநடுகை, கன்றுகளில் பாதியை ஆடு தின்றுவிட்டது.

ஆவணியில் போன திருகோணமலைப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் "செயலாளர் சங்கக் காசில் மான் புழுக்கை பார்க்கப் போனார்" என்று ஒரு கதை உலாவுகிறது. உண்மைதான், பார்த்தேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள், கொம்பு வைத்த புள்ளிமான் கிடாய் ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றை நக்கிக்கொண்டு நின்றது, காலடியில் ஈரம் காயாத புழுக்கை. அதன் மேற்பசையில் குடற்கலங்கள் ஒட்டியிருக்கும், மானைப் பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல் அதிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து, மான்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சொந்தம் என்று பார்க்கலாம் என்று விளக்கினேன். நான் புழுக்கையைப் பொறுக்கி எடுக்கவில்லை, ஆய்வுக்கென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

இவ்வளவு மான் நிற்கிறதே, பிறகென்ன கவலை என்று ஒருவர் கேட்டார். எண்ணிக்கை வேறு, பரம்பரையலகு (ஜீன்) வேற்றுமை வேறு. வீதியும் வீடும் சுற்றிவளைத்த கூட்டத்துக்கு வெளியிலிருந்து கிடாய் வராது, உள்ளேயும் சண்டையில் வென்ற சிலதுதான் இனத்தைப் பெருக்கும், தலைமுறை போகப்போக எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடும். பிறகு ஒரு நோய் வந்தால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரக்கூடும். சீனாவின் பியர் டேவிட் மான் 1900 அளவில் அங்கே இல்லாமற்போய், இங்கிலாந்தில் ஒரு பிரபு சேர்த்து வைத்த 18 மான்களிலிருந்து பெருகி, 1985இல் ஊர் திரும்பியது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் நிற்பதெல்லாம் அந்தச் சிலதின் வழிதான். அது தப்பியதற்காக எல்லாக் கூட்டமும் தப்பும் என்றில்லை.

சரி, வான் கதை. பெயர் தந்தவர்கள் 19, விடியற்காலை வந்தவர்கள் 7. வெறும் சீற்றுகளுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுத்தோம். கணக்கில் போக்குவரத்துச் செலவு தடித்திருப்பதற்குக் காரணம் அதுதான், மான் இல்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரி, விவரம் பொருளாளரிடம். 41 பேரில் 23 பேர் சந்தா 500 ரூபாயைக் கட்டவில்லை, அதில் இருவர் நிர்வாகசபையிலேயே இருக்கிறார்கள். மண்டபம் தந்த வாசிகசாலையாருக்கும் பிளேன்ரீ ஊற்றித் தந்த அக்காமாருக்கும் நன்றி.

ஆறு வருடமாக ஒரே ஐந்து பேர்தான் பதவிகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம், மானைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு செயலாளராக நிற்க எனக்கு விருப்பமில்லை, வேறு ஒருவரும் வராவிட்டால் யோசிக்கலாம். வைகாசியில் வில்பத்துக்குப் போக எண்ணம், மரையும் பார்க்கலாம். இந்த முறை வான் காசு முற்பணம்.