உம்மா முந்திக்கொள்வதற்குள்

பெரியபட்டினம்,
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள காதர் மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய கடிதத்துக்கு ஐந்து மாதமாகப் பதில் போடாதது என் சோம்பேறித்தனம்தான். அதை நேரில் வந்து திட்டு. இப்போது எழுதுவது வேறொரு காரணத்துக்காக. உம்மா போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

உன் உம்மாவுக்கு விஷம் கொடுத்துவிடப் பார்த்தேன்.

பதறாதே. உம்மா நன்றாக இருக்கிறார்கள். நேற்றுகூட மீன்காரியிடம் சீலா மீனுக்குப் பேரம் பேசி ஜெயித்தார்கள்.

மாசிக் கடைசியில் என் செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. மழை ஓய்ந்து வெயில் ஏறினால் அதற்குக் கொண்டாட்டம், தெரியுமல்லவா. செம்பருத்தியிலிருந்து பப்பாளி, பப்பாளியிலிருந்து கத்தரி. கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்து, “ஒரே அடி, ஒன்றும் மிஞ்சாது” என்றார். பாட்டிலில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. சிவப்புக்கு அடுத்தபடி கொடியது மஞ்சள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். முப்பது வருடம் கணக்கு எழுதிய நான் கண்ணாடியைத் தேடச் சோம்பிப் படிக்காமல் விட்டேன். மூக்கில் துண்டுகூடக் கட்டாமல், லுங்கியோடு நின்று அடித்தேன்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணம். நான் திரும்புவதற்குள், மருந்தடித்தது தெரியாத என் வீட்டுக்காரி வள்ளி கத்தரிக்காயைப் பறித்து ஒரு பை நிறைய உம்மாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கேட்டதும் சைக்கிளை எடுத்தேன். நான் போய்ச் சேரும்போது நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயுமாக ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. வாயில் சொல் வரவில்லை. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, குழி தோண்டி ஊற்றி மூடினேன். கோழி கிளறிவிடும் என்று மேலே அம்மிக்கல்லை வேறு உருட்டி வைத்தேன். உம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணத்தைச் சொன்ன பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் ஆகப்போகிறது. நம் இருவருக்கும் ஒரே தட்டில் சோறு போட்ட கை, காதர். அதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் மாவுப்பூச்சி சாகவும் இல்லை. மூன்றே வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்து உட்கார்ந்துவிட்டது. தங்கை மகள் வேளாண்மை படிக்கிறாளே, அவளிடம் மருந்தடிப்பதற்கு முன்பு எடுத்த படத்தைக் காட்டினேன். “மாமா, இதோ பெரிதாக, நூல் நூலாகத் தொங்குகிறதே, இது மாவுப்பூச்சி இல்லை. அதைத் தின்னும் பொறிவண்டின் புழு” என்றாள். கிரிப்டோலீமஸ் என்று பெயராம். 1898-இல் காப்பித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். புழு அச்சு அசல் மாவுப்பூச்சி வேஷத்தில் திரியும், ஆனால் வேகமாக நடக்கும். வளர்ந்த வண்டுக்குக் கறுத்த உடம்பு, ஆரஞ்சுத் தலை. ஆம், பள்ளிக்கூடத்தில் நாம் ஆரஞ்சு மிட்டாய் என்று பட்டம் வைத்த சாரேதான். எனக்காக வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரையும் கொன்றுவிட்டு, மெழுகுக்குள் பத்திரமாக இருந்த முட்டைகளை விட்டுவைத்திருக்கிறேன்.

அதிலிருந்து பித்துப் பிடித்தவனைப் போல் இலை இலையாகப் பார்க்கிறேன். செம்பருத்தியில் ஏறும் எறும்பு சும்மா ஏறவில்லை. மாவுப்பூச்சி கழிக்கும் தேனை நக்குவதற்காகப் பொறிவண்டை விரட்டிக் காவல் காக்கிறது. தண்டில் துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவி எறும்பின் வழியை அடைத்தேன். மோசமான கிளைகளை வெட்டி எரித்தேன். மீதிக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி.

இங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் காலை வாரியது. கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்தது, எண்ணெய் தனியே மிதந்தது, தெளிப்பான் அடைத்துக்கொண்டது. காவிரித் தண்ணீரில் ஒரு குடம் எடுத்தேன். “குடிக்கிற தண்ணீர் பூச்சிக்கா?” என்று வள்ளி பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் உம்மா தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டை ஞாபகம் வந்தது. இரவு ஊறவைத்துப் பிசைந்தால் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது, எண்ணெயும் கரைகிறது. வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்திலும் படும்படி வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். வேப்பெண்ணெய் உடனே கொல்லாது. பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளரவிடாது. பொறுமை இல்லாதவனுக்கு ஆகாத வைத்தியம், அதாவது உனக்கு.

உனக்கு என்றதும் நினைவு வருகிறது. உங்கள் கொல்லைத் தென்னையில் ஓலை கறுத்துவிட்டதென்று வேரில் மருந்து கட்டச் சொன்னாயாமே. ஆள் வந்தான், நான் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள். அது சுருள் வெள்ளை ஈ கழித்த தேனில் படர்ந்த பூசணம். அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் என்கார்சியா என்ற பொடிக் குளவி ஏற்கெனவே அங்கே இருக்கிறது, கறுத்த கூடுகளை லென்ஸில் நானே பார்த்தேன். வேரில் கட்டிய மருந்து இளநீருக்கு வராது என்று யாராவது உனக்கு எழுதிக்கொடுத்தார்களா? மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி நடுமரத்தில் கட்டியிருக்கிறேன். ஓலையின் கரும்பூசணத்துக்கு மைதாப் பசை, லிட்டருக்கு 25 கிராம். காய்ந்தால் பூசணத்தோடு உரிந்து விழும். நான் கொல்லையில் மைதா காய்ச்சியபோது உம்மா எட்டிப் பார்த்தார்கள். “பரோட்டாவா?” என்று என்னிடம் இல்லை, கோழியிடம் கேட்டார்கள். நல்ல சகுனம் என்று நினைக்கிறேன்.

போனில் பேசும்போது கத்தரிக்காயை நீயாக ஆரம்பிக்காதே. உம்மா ஆரம்பித்தால் என்னைக் காப்பாற்றவும் முயலாதே, நீ பேசினால் காரியம் கெடும். வரும்போது மண்ணடியில் பூந்திக்கொட்டை அரைக் கிலோ வாங்கி வா. உம்மாவின் டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துவிட்டேன், அது இன்னும் அவர்களுக்குத் தெரியாது.

உன்,
சேது