மூப்புக்கு வெயில் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழில் உடற்கலங்களின் (செல்களின்) மூப்பு பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். டி.என்.ஏ. சேதம் மூப்பின் முக்கிய காரணிகளுள் ஒன்று என்றது சரியே. ஆனால் அச்சேதமெல்லாம் வெயிலாலும் புகையாலும் வெளியிலிருந்தே வருவதுபோல எழுதியிருப்பது பொருந்தாது.

கல்லடிக் கரையில் கரைவலை இழுக்கும் என் மைத்துனருக்கு 62 வயது. அவருடைய பிடரித் தோல் வற்றிய குளத்து மண்போல வெடித்துக் கிடக்க, சட்டைக்குள் மறைந்த முதுகோ பத்து வயது குறைந்தவருடையதுபோலத் தோன்றும். புற ஊதாக் கதிர்கள் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் என்னும் கட்டுமானக் கூறுகளைப் பிணைத்துவிடுவதும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தைச் சிதைப்பதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆயினும் அந்த முதுகும் மூப்படையாமல் இல்லை. வெயிலையே காணாத ஈரலும் மூளையும்கூட மூப்படைகின்றன.

கலத்திலுள்ள நீரும், இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் சக்தியைப் பிறப்பிக்கையில் உண்டாகும், எளிதில் தாக்கமுறும் ஒட்சிசன் மூலிகங்களும் டி.என்.ஏ.யை ஓயாது அரிக்கின்றன. நீரோடு தாக்கமுறுவதால் மட்டும் ஒரு மனிதக் கலம் நாளொன்றுக்குச் டி.என்.ஏ.யின் கட்டுமானக் கூறுகளில் ஒருவகையான பியூரின் மூலங்களில் சுமார் 10,000ஐ இழப்பதாக 1970களில் கணித்த சுவீடன் விஞ்ஞானி தோமஸ் லிண்டால், கலம் இப்பழுதைத் திருத்தும் முறையை விளக்கியமைக்காக, 2015இல் வேறு இருவருடன் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார். திருத்தும் வேலையில் பங்குகொள்ளும் ஒரு மரபணு பழுதடைந்து வேர்னர் நோய்க்கு ஆளானவர்களுக்கு இருபதுகளிலேயே தலை நரைப்பதும், முப்பதுகளில் கண்புரை வருவதும் இத்திருத்தத்தின் பெறுமதியைக் காட்டுகின்றன.

திருத்த முடியாத பழுது மிகும்போது, பி53 என்னும் புரதம் கலப்பிரிவை நிறுத்திப் புற்றுநோயைத் தடுக்கிறது. ஆனால் பிரியாமலும் சாகாமலும் தங்கிவிடும் அக்கலங்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து அயற்கலங்களையும் கெடுக்கின்றன. மூப்பு பற்றிய கட்டுரையில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லாதது வியப்பே.

கட்டுரையின் முடிவில், ஒட்சிசன் மூலிகங்களை அடக்குமெனச் சொல்லப்படும் ஒட்சியேற்ற எதிரி மாத்திரைகளைப் பரிந்துரைத்திருப்பதுதான் என்னை எழுத வைத்தது. பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், ஒட்சியேற்ற எதிரியான பீற்றா கரோட்டீன் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. கட்டுரை வந்த மறுநாளே இத்தகைய மாத்திரை கேட்டு இருவர் வந்ததாக எங்கள் தெருவின் மருந்துக் கடைக்காரர் சொன்னார். அவர்களில் ஒருவர் புகைப்பவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.